மலைத் தண்ணிக்கு எந்த பில்டர்? காசு குடுக்க முன்னாடி பாக்க வேண்டியது

இப்ப நம்ம இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கம் சம்பளம் போட்ட மறுநா கரெக்டா பையத் தூக்கிக்கிட்டு ஒரு ஆள் வந்துருது, தண்ணி பில்டர் விக்கிறவங்க. இஸ்தோப்புல, அதான் வீட்டு முன் திண்ணையில, ரெண்டு கிளாஸ் வைப்பாங்க, ஒண்ணுல நம்ம பீலித் தண்ணி (மலை ஊத்துல இருந்து எறங்கி வர்றது), இன்னொண்ணுல அவங்க மெஷின் தண்ணி, ரெண்டுலயும் கம்பி வச்ச ஒரு சாமான விட்டு கரண்ட் போட்டா கொஞ்ச நேரத்துல நம்ம கிளாஸ் மட்டும் பச்சையும் செம்மண் கலருமா நொரைச்சுக்கிட்டு பாக்கவே சகிக்காது, மெஷின் தண்ணி அப்பிடியே பளிச்சுனு நிக்கும். "பாத்தீங்களா அக்கா, இதத்தான் புள்ளைங்களுக்கு குடுக்குறீங்க"ன்னு ஒரு வார்த்த, அவ்ளோதான், அக்கா அட்வான்ஸ எடுத்துக் குடுத்துருவாங்க.

அந்த அழுக்கு தண்ணியில இருந்தது இல்ல. அந்தக் கம்பியில ஒண்ணு இரும்பு, கரண்ட் போனா இரும்பு கரைஞ்சு துருவா வெளிய வருது. தண்ணியில கொஞ்சமாச்சும் உப்புச் சத்து இருந்தாத்தான் கரண்ட் ஓடும், மெஷின் தண்ணியில அது இல்ல, அதனால கம்பி கரையல. அடுத்த தடவ ஆள் வந்தா அவரோட சுத்தத் தண்ணியில ஒரு சிட்டிக சமையல் உப்பப் போட்டுட்டு திரும்ப கரண்ட் போடச் சொல்லுங்க, அதே கண்றாவி அதுலயும் வரும். பேனா மாதிரி ஒரு டீடீஎஸ் மீட்டரும் வச்சிருப்பாங்க, அது கரைஞ்ச உப்பு மொத்தமா எவ்வளவுன்னு மட்டும்தான் காட்டும், பூச்சிக்கும் புல்லுக்கும் அடிக்கிற மருந்து இருக்கா கிருமி இருக்கான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. மலசலக் குழித் தண்ணி கொஞ்சம் கலந்த ஊத்துத் தண்ணிக்குக்கூட மீட்டர்ல நல்ல நம்பர் வரலாம்.

அவங்க விக்கிற ஆர்ஓ, அதாவது நுணுக்கு சவ்வு வழியா தண்ணிய அழுத்தித் தள்ளி உப்ப எடுக்கிற மெஷின், கெட்ட சாமான்னு சொல்ல வரல. அனுராதபுரம், பொலன்னறுவை, பதவிய, மதவாச்சி, நம்ம பதுளை மாவட்டத்துலயே கீழ மஹியங்கனை, கிராந்துருகோட்டை பக்கம் 1990கள்ல இருந்து சிறுநீரக நோய் ஏகப்பட்ட பேர தின்னுருச்சு, இதுதான் காரணம்னு இன்னைக்கு வரைக்கும் ஒரே முடிவா யாரும் சொல்லல, ஆனா அங்க கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, சுண்ணாம்பும் புளோரைடும் கூட, அதக் குறைக்க ஆர்ஓ சரியான வேலை. அந்த பயத்த அப்பிடியே தூக்கிட்டு வந்து ஹட்டன்லயும் தலவாக்கலையிலயும் நுவரெலியாவுலயும் விக்கிறதுதான் பிரச்சின. நம்ம ஊத்துத் தண்ணி பெரும்பாலும் மெல்லிசு, உப்பு ரொம்பக் கொறைவு, அதுல போய் இருக்கிற கொஞ்சத்தையும் எடுக்க ஒரு மெஷின், அதுக்கு பம்பு, அதுக்கு கரண்ட் பில், ஒரு லீட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லீட்டர் வெளிய ஓடும், அதுவும் மார்ச் மாசத்துல பீலியில நூல் மாதிரி தண்ணி வர்ற நேரத்துல.

உங்க தண்ணி கல்லுத் தண்ணியான்னு பாக்க மீட்டரே வேணாம். கேத்தில் அடியப் பாருங்க. வருசக்கணக்கா பாவிச்ச கேத்தில்ல வெள்ளையா படை கட்டியிருக்கா? சவுக்காரம் நொரைக்குதா? பால் ஊத்தாத தேத்தண்ணி ஆறினதும் மேல ஆடை மாதிரி ஒரு படலம் மெதக்குதா? படையும் இல்ல படலமும் இல்ல நொரையும் நல்லா வருதுன்னா சுண்ணாம்பு பெருசா இல்ல, கல்லுத் தண்ணிக்காக ஆர்ஓ வாங்க காரணம் இல்ல.

தேத்தண்ணி இன்னொரு விசயத்தையும் காட்டிக் குடுக்கும், இது நம்ம ஊருக்குன்னே இருக்கிற டெஸ்ட். நல்ல தண்ணியில சாயம் செவப்பா தெளிவா எறங்கும். அதே தூள், அதே அளவு, ஆனா சாயம் மை மாதிரி கருத்துப் போய் ஒரு மங்கல் விழுந்திருந்தா தண்ணியில இரும்பு இருக்கு, தேயிலையில இருக்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேந்தா அப்பிடித்தான் கருக்கும். வெள்ளை உடுப்புல மஞ்சக் கறை, வாளி அடியில செம்மண் மாதிரி படிவு, வாய்ல ஆணி கடிச்ச ருசி, இதெல்லாமும் அதுதான். பித்தள டெப்புக்கு கீழ சீமெந்துல நீலப்பச்சைக் கறை ஓடியிருந்தா அது வேற கேஸ், தண்ணி புளிப்பா இருந்து பைப்பையும் டெப்பையும் கரைக்குது. தேயிலைக்கே புளிச்ச மண்ணுதான் புடிக்கும், அந்த மண்ணு வழியா எறங்கி வர்ற தண்ணியோட பீஎச் (புளிப்பு அளவு, நம்பர் கொறைய கொறைய புளிப்பு கூட) 6.5க்கு கீழ இருக்கிறது நம்ம பக்கம் அதிசயம் இல்ல. ராத்திரி முழுக்க பழைய ஜீஐ பைப்புக்குள்ள (நாகம் பூசின இரும்பு பைப்) கெடந்த தண்ணியில காலையில முதல்ல புடிக்கிறதுதான் மோசம், செம்பு, நாகம் (ஜிங்க்), பழைய பத்தவைப்பு இருந்தா ஈயமும்கூட, அதனால விடியக்காலை முதல் ரெண்டு வாளிய குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீங்க, பாத்திரம் கழுவுங்க, பூக்கண்டுக்கு ஊத்துங்க, அப்புறம் குடிக்கப் புடிங்க. முடிஞ்சா அந்தப் பைப்ப குடிதண்ணிக்குன்னு விக்கிற பீவீசீ பைப்பா மாத்துங்க, அது எந்த பில்டரையும் விட நல்ல செலவு.

கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாதது ரெண்டு, நைட்ரேட்டும் மருந்தும்.

நைட்ரேட் எங்கிருந்து வருதுன்னா உரத்துல இருந்தும் மலசலக் குழியில இருந்தும் மாட்டுப் பட்டியில இருந்தும். யூரியாவுல 46 வீதம் நைட்ரஜன், தேயிலைக்கும் போடுறாங்க, நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் கெழங்கு, லீக்ஸ், கெரட் தோட்டத்துக்கு யூரியாவோட கோழி உரமும் மூட்ட மூட்டையா கொட்டுறாங்க, செடி எடுத்தது போக மிச்சம் மழையோட கீழ எறங்கும். நம்ம நாட்டு குடிதண்ணிக்கான எஸ்எல்எஸ் 614 தரத்துல ஒரு லீட்டர்ல 50 மில்லிகிராம் வரைக்கும்தான் அனுமதி, உலக சுகாதார ஸ்தாபனமும் அதே கணக்குத்தான் சொல்லுது. பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் தெரியாது, ஆறு மாசத்துக்கு கொறைஞ்ச கைக்குழந்தைக்கு புட்டிப்பால் கரைக்கிற வீட்டுலதான் கவனம் வேணும், ரத்தத்துல ஒக்சிசன் ஓடுறது கொறைஞ்சு புள்ள நீலம் பாஞ்சு போகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற புள்ளைக்கு இந்த பயம் இல்ல. ஒண்ண மனசுல வச்சுக்கங்க, நைட்ரேட் கொதிக்க வச்சா போகாது, ஆவியா தண்ணி போக போக மிச்சத்துல இன்னும் கூடத்தான் செய்யும், கரி பில்டர்லயும் நிக்காது, மணல்லயும் நிக்காது. அதுக்கு ஆர்ஓ இல்லாட்டி அதுக்குன்னே வர்ற ரெசின், இல்லாட்டி வேற ஊத்து. டெஸ்ட் பண்ணி 50க்கு மேலன்னு பேப்பர்ல வந்தா அப்ப ஆர்ஓ வாங்குங்க, அப்ப யாரும் உங்கள ஏமாத்தல.

மருந்து விசயம் கொஞ்சம் சிக்கல். புல்லுக்கு அடிச்ச பராகுவாட்ட நம்ம நாட்டுல 2008ல இருந்து 2011க்குள்ள படிப்படியா நிப்பாட்டிட்டாங்க, கிளைபோசேட்ட 2015ல தடை பண்ணி 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திறந்து விட்டு 2022ல தடைய முழுசா எடுத்தாச்சு, அதுக்கு நடுவுல புல்லுக்கு வேற வேற மருந்து அடிச்சாங்க, அதனால உங்க மலையில இப்ப என்ன அடிக்கிறாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம எந்த பில்டர் சரின்னு யாராலயும் சொல்ல முடியாது. கங்காணிகிட்டயோ மருந்து அடிக்கிற தம்பிங்ககிட்டயோ கேன்ல என்ன பேர் போட்டிருக்குன்னு கேளுங்க, ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. கிளைபோசேட் மண்ணோட ஒட்டிக்கிற சாதி, அதனால அது நம்ம டேங்குக்கு வர்றது அதிகமா கலங்கல் தண்ணியோட சேந்துதான், கலங்கல நிப்பாட்டினா அதுல ஒரு பங்கும் நிக்கும். பூச்சி மருந்துல நெறைய சாதி எண்ணெய்ப் பசை உள்ளது, அதெல்லாம் கரியில நல்லா புடிக்கும். எல்லாத்தையும் கரி புடிச்சிரும்னு மட்டும் நம்பிராதீங்க, கிளைபோசேட் கரியில அவ்வளவா ஒட்டாது.

இனி செய்ற வேலைக்கு வருவோம், மேல இருந்து கீழ வரணும். வீட்டு டெப்புல பில்டர் மாட்டுறது கடைசி வேலை. முதல்ல ஊத்துக்கண்ணுக்கு ஏறிப் போய்ப் பாருங்க, லயத்துல (வரிசை வீட்டுல) நாலு பேர் சேந்து போங்க, அட்டைக்கு சவுக்காரம் தடவிக்கிட்டு. ஊத்துக்கு மேல என்ன இருக்கு, தேயிலையா, மரக்கறித் தோட்டமா, யாராவது மாடு கட்டுறாங்களா, மேல் லயத்து கக்கூஸ் குழி எவ்வளவு தூரத்துல இருக்கு? 30 மீட்டராவது இருக்கணும், சரிவுல மேல இருந்தா இன்னும் கூட. ஊத்துக்கு மேல் பக்கமா அரைவட்டமா ஒரு கான், அதாவது வாய்க்கால், வெட்டி மழைத் தண்ணிய ரெண்டு பக்கமும் திருப்பி விடுங்க, கான் வெட்டுறது நம்ம ஆளுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. கானுக்கு மேல புல்ல செருக்காம அடர்த்தியா விடுங்க, உரமும் மண்ணும் அதுலயே தங்கும். ஊத்துக்கண்ண கல்லு வச்சு சீமெந்து பூசி மூடி போட்டு அடைச்சா, மேல் தண்ணி உள்ள போகாம அடித்தண்ணி மட்டும் பைப்புல வரும். பல தோட்டத்துல ஊத்து தொறந்த குட்டையாத்தான் கெடக்கு, எலை விழுந்து தவக்கள நீந்துது, அதுல ஹோஸ் பைப்ப சொருகி விட்டுட்டு வீட்டுல ஆயிரக்கணக்குல பில்டர் மாட்டி என்ன பிரயோசனம்.

அதே மாதிரி மருந்து டேங்க பீலியில கழுவுறது. இது நடக்காத தோட்டம் இருந்தா சொல்லுங்க. வேலை முடிச்சு வர்ற வழியில பீலிதான் கிட்ட, கையும் காலும் கழுவணும், டேங்கையும் ஒரு அலசு அலசி கவுத்துறது, அந்தத் தண்ணி கீழ் லயத்து பைப்புக்குத்தான் போகுது. அலசின தண்ணிய திரும்ப மலையிலயே, அடிச்ச எடத்துலயே அடிச்சிரணும், இதுக்கு ஒரு பீப்பாத் தண்ணி மலையில வச்சுக் குடுக்கச் சொல்லி தோட்டத் தொரைகிட்ட சங்கத் தலைவர் மூலமா கேளுங்க, பெரிய செலவு இல்ல. காலி மருந்து கேன மூணு தடவ கழுவி அந்தக் கழுவின தண்ணியையும் டேங்குலயே ஊத்தி அடிச்சிட்டு, கேன் அடியில ஓட்ட போட்டுருங்க. ஓட்ட போடாட்டி அது நேரா யாரோட வீட்டுக்கோ போய் மண்ணெண்ணெய்க்கோ தண்ணிக்கோ ஆகிரும். நீல பீப்பா மலிவா வருதுன்னு வாங்குறப்பவும் அப்பிடித்தான், உள்ள முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியாட்டி வாங்காதீங்க, பிளாஸ்டிக் மருந்த உறிஞ்சி வச்சிருக்கும், எத்தன தடவ கழுவினாலும் கொஞ்சம் கொஞ்சமா விடும்.

கலங்கல், இரும்பு, கொஞ்சம் கிருமி, இந்த மூணுக்கும் மணல் பில்டர் வீட்டுலயே செய்யலாம். 200 லீட்டர் பீப்பா, சாப்பாட்டுச் சாமான் வந்தது. அடியில அரை இஞ்சி பீவீசீ பைப்புக்கு சின்னச் சின்ன ஓட்ட போட்டு படுக்க வச்சு வெளிய எடுங்க, அதுக்கு மேல முக்கா இஞ்சி சல்லி ஒரு 10 சென்டிமீட்டர், பொடிச் சல்லி 5, அதுக்கு மேல மெல்லிசா சலிச்ச மணல் 50ல இருந்து 55. மணல நுளம்பு வல மாதிரி சல்லடையில சலிச்சு, ஒரு போத்தல்ல மணலும் தண்ணியும் போட்டு குலுக்கினா மேல் தண்ணி ஓரளவு தெளிவா நிக்கிற வரைக்கும் கழுவணும், இது இடுப்ப ஒடிக்கிற வேலைதான், ஆனா இதுல சோம்பேறித்தனம் பட்டா மொத்த பில்டரும் வீண். கடக்கர மணல் வேணாம். வெளிய வர்ற பைப்ப பீப்பா ஓரமா மேல தூக்கி, தண்ணி விழுற வாய் மணல் மட்டத்த விட 5 சென்டிமீட்டர் ஒசரத்துல வர்ற மாதிரி வளைச்சு விடுங்க, அப்பத்தான் பீப்பாவுக்கு தண்ணி விடுற டெப்ப மூடினாலும் மணலுக்கு மேல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். மணல் காயவே கூடாது, ஏன்னா மேல் மணல்ல ரெண்டு மூணு கெழமையில ஒரு வழவழப்பு படியும், கிருமிய திங்கிறதே அதுதான், காஞ்சா செத்துரும். தண்ணி நேரா மணல்ல குத்தாம ஓட்ட போட்ட ஒரு மூடிய மேல வைங்க. 10 லீட்டர் வாளி ஆறு நிமிசத்துக்கு முன்னாடியே நெறைஞ்சா வேகம் கூட, டெப்ப கொறைங்க. ஒரு நா தண்ணி ஓடுறது மந்தமாச்சுன்னா மேல் மணல விரலால லேசா கிளறி கலங்கின தண்ணிய மட்டும் மொண்டு வெளிய ஊத்துங்க, மொத்த மணலையும் தோண்டிராதீங்க.

இரும்பு இருக்கிற வீட்டுக்காரங்க, பீப்பாவுக்கு மேல ஓட்ட போட்ட வாளி ஒண்ண கட்டி தண்ணிய ஷவர் மாதிரி விழ வைங்க, காத்து பட்டா கரைஞ்ச இரும்பு துருவாகி மணல்ல நிக்கும். தண்ணி ரொம்பப் புளிப்பா இருந்தா இது மெதுவாத்தான் நடக்கும், அப்ப வழியில சுண்ணாம்புக்கல்லுத் துண்டு கொஞ்சம் போட்ட ஒரு டப்பா வச்சா புளிப்பும் கொறையும். படிகாரம் போட்டு தெளிய வைக்கலாமேன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அது கீழ்நாட்டு கிணத்துத் தண்ணிக்கு சரி, நம்ம மெல்லிசு தண்ணியில அது சரியா திரியாது, புளிப்பத்தான் கூட்டும்.

மணல் பில்டர் கரைஞ்ச மருந்த எடுக்காது, அதுக்கு அடுத்ததா கரி. அடுப்புக் கரிய ஒடச்சுப் போட்டா வாட கொஞ்சம் போகும், அவ்ளோதான். பில்டருக்குள்ள போறது வேற, சூட்டுலயும் நீராவியிலயும் கோடிக்கணக்குல நுணுக்கு ஓட்ட போட்ட கரி. வேடிக்க என்னன்னா நம்ம நாட்டு தேங்கா செரட்டைக் கரிதான் பல நாட்டு பில்டருக்குள்ள இருக்கு. ஹார்ட்வெயார்ல பத்து இஞ்சி ஹவுசிங் (பில்டர் வைக்கிற கூடு) ரெண்டு வாங்குங்க, முதல்ல 5 மைக்ரோன் கேட்ரிஜ், அடுத்தது கார்பன் புளொக், அதான் அந்தக் கரிய கட்டியா அமுக்கினது. டேங்க் வீட்ட விட 10 மீட்டர் மேல இருந்தா பைப்புல ஒரு பார் அழுத்தம் வரும், இதுக்கு அது போதும், பம்பு தேவையில்ல. புதுசா மாட்டினதும் கருப்புத் தண்ணி வரும், தெளியிற வரைக்கும் ஓட விடுங்க. டெப்ப சின்னதா தொறந்து மெதுவா புடிங்க, வேகமா ஓடுற தண்ணிய கரி சரியா புடிக்காது. கேட்ரிஜ் மேல எத்தன லீட்டர், எத்தன மாசம்னு போட்டிருக்கும், அதுக்கு மேல வச்சிருந்தா கரி நெறைஞ்சு புடிச்சத திரும்ப விடவும் செய்யும், கிருமியும் உள்ள குடும்பம் நடத்தும். மாத்தின தேதிய மார்க்கர் பேனாவால ஹவுசிங்லயே எழுதி வைங்க.

அதனாலதான் கொதிக்க வைக்கிறது கரிக்கு அப்புறம் வரணும், முன்னாடி இல்ல. நுவரெலியா ஒசரத்துல தண்ணி 94 பாகையிலயே கொதிச்சிரும், பரவால்ல, கிருமிக்கு அது போதும், தளபுளன்னு கொதி வந்து ஒரு நிமிசம் விடுங்க, இன்னும் மேல இருக்கிறவங்க மூணு நிமிசம். செராமிக் கேண்டில் வச்ச எவர்சில்வர் பில்டர் வீட்டுல இருந்தா அதுவும் நல்லதுதான், கலங்கலுக்கும் கிருமிக்கும், மருந்துக்கு இல்ல. கேண்டில மெல்லிசு பிரஷ்ஷால தேச்சு கழுவுங்க, சவுக்காரம் போடாதீங்க. யூவீ லைட் வச்சது வாங்கினா தண்ணி தெளிவா இருக்கணும், கலங்கல்ல வெளிச்சம் உள்ள போகாது.

ஒரு நா காலையில டெப்பத் தொறந்தா தண்ணி பால் மாதிரி வெள்ளையா வருது, மருந்து வாட அடிக்குது, ஓடையில நண்டு மீன் செத்துக் கெடக்குது, அப்பிடின்னா பில்டர் கில்டர் ஒண்ணும் பேச வேணாம். டேங்க் வால்வ மூடுங்க, கொதிக்க வைக்காதீங்க, குளிக்கவும் வேணாம், மேல் லயம் கீழ் லயம் எல்லாத்துக்கும் சொல்லி விடுங்க, ஒரு கண்ணாடி போத்தல்ல தண்ணி புடிச்சு மூடி தேதி நேரம் எழுதி பீஎச்ஐகிட்ட (பொது சுகாதாரப் பரிசோதகர்) குடுங்க. யாருக்காவது வாந்தி, கண்ணெரிச்சல், வாயில எச்சி ஊத்துறது, தலசுத்து இருந்தா 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு, கேன் பேரும் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.

டெஸ்ட்டுக்கு குடுக்கிறதுல ஒரு சூட்சுமம். "தண்ணிய டெஸ்ட் பண்ணிக் குடுங்க"ன்னு மட்டும் சொன்னா கிருமியும் பீஎச்சும் பாத்துட்டு பேப்பர குடுத்துருவாங்க. நைட்ரேட், இரும்பு, மங்கனீசு, புளோரைட், கடினத்தன்மை வேணும்னு வாயத் தொறந்து கேக்கணும், பழைய பைப் இருந்தா ஈயமும் செம்பும். நீர் வழங்கல் சபையோட லேப்ல இதெல்லாம் கேட்டுப் பாருங்க, மருந்து பாக்கிறது பெரிய மெஷின் வேலை, காசும் கூட, கொழும்புல கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் மாதிரி எடத்துக்குப் போகணும், அதுக்கு லயமே சேந்து காசு போடலாம், அங்க மருந்தோட பேரச் சொல்லணும், அதுக்குத்தான் அந்த கேன் போட்டோ. கிருமிக்கு குடுக்கிற போத்தல அவங்ககிட்டயே வாங்குங்க, டெப்ப துடைச்சு கொஞ்ச நேரம் ஓட விட்டு புடிச்சு, ஐஸ் போட்ட பெட்டியில வச்சு அன்னைக்கே குடுத்துரணும். ஈயத்துக்கு தலைகீழ், ராத்திரி முழுக்க பைப்புல நின்ன தண்ணிய விடியக்காலை ஓட விடாம முதல்ல புடிக்கணும். நைட்ரேட்டுக்கு உரம் போட்டதுக்கு அப்புறம் வர்ற முதல் பெரிய மழைக்கு பின்னாடி ஒண்ணு, காய்ச்சல் மாசத்துல, அதான் மழையில்லாம காயிற மாசத்துல, ஒண்ணு. ஹட்டன் பக்கத்துக்கு காய்ச்சல் ஜனவரியில இருந்து மார்ச், பண்டாரவளை அப்புத்தளை பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர், ஒரே மலை நாடுன்னாலும் ரெண்டு பக்கத்துக்கும் மழ வேற வேற.